செத்துட்டார்னு செய்தி வந்தவர் இன்னும் 18 வருஷம் வாழ்ந்தார்

2001 டிசம்பர். எழுத்தாளர் லாரி கிராமர் இறந்துவிட்டதாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி அனுப்பியது. மனுஷன் பிட்ஸ்பர்க் மருத்துவமனையில் புதுக் கல்லீரலோடு உயிரோடுதான் இருந்தார்!

நியூயார்க்கில் 1987இல் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக 'ஆக்ட் அப்' இயக்கம் உருவாகக் காரணமானவர் கிராமர். அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் அவரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோனது ஹெபடைடிஸ் பி.

இது அவர் ஒருவர் கதை இல்லை. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்ததும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் நீண்டகாலம் வாழ ஆரம்பித்தார்கள். உள்ளே மெதுவாகக் கல்லீரலை அரித்துக்கொண்டிருந்த ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளுக்கு அப்போதுதான் வேலையை முடிக்க அவகாசம் கிடைத்தது.

மாற்றுக் கல்லீரல் கேட்டால் பெரும்பாலான மருத்துவமனைகள் கையை விரித்தன. புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கணும். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அதையும் கொடுத்தால் என்ன ஆகும்? சாகப்போறவருக்கு அரிய உறுப்பு எதுக்கு? இப்படி வாதம்.

செய்து பார்த்தபோது பயந்தபடி நடக்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எச்.ஐ.வி.க்கான ரிட்டோனவிர், டாக்ரோலிமஸ் என்ற அடக்கும் மருந்தை உடம்பு கரைக்கவிடாமல் தடுத்தது. தினம் இருவேளை தரவேண்டியதைச் சிலருக்கு வாரம் ஒருமுறை தந்தாலே போதும் என்றானது. 2010இல் வந்த அமெரிக்க ஆய்வில், சிறுநீரகம் மாற்றிய 150 எச்.ஐ.வி. நோயாளிகளில் மூன்றாண்டு உயிர்வாழ்வு சுமார் 88 சதவீதம். ஹெபடைடிஸ் சியும் சேர்ந்திருந்தவர்களுக்குத்தான் கல்லீரல் மாற்று அவ்வளவு சரியாக அமையவில்லை. அதைக் குணப்படுத்தும் மாத்திரைகள் பிறகு வந்தன.

சரி, உறுப்புக்கு எங்கே போவது? எச்.ஐ.வி. உள்ளவரின் உறுப்பை எடுக்கவே கூடாது என்று 1988இல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. எச்.ஐ.வி. உள்ள இன்னொருவருக்குக்கூடத் தர முடியாது. 2008இல் கேப் டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் எல்மி முல்லர் அதைச் செய்தே காட்டினார், சிறுநீரகத்தில். 2013இல்தான் அமெரிக்கா தடையைத் தளர்த்தியது. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்படி ஒரு சிறுநீரகமும் ஒரு கல்லீரலும் பொருத்தினார்கள்.

கிராமர் 2020இல், 84 வயதில் காலமானார்.

1988இல் தெரிந்ததை வைத்துப் போட்ட சட்டம் அது. அதை மாற்ற 25 வருஷம் ஆச்சு. பட்டியலில் காத்திருந்தவங்க கையில அவ்வளவு காலம் இல்லை.