கண்டி மலைச்சரிவில் அத்திவாரம்

கண்டியில் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவது பெரும்பாலும் மலைச்சரிவை வெட்டுவதே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானை மலைகளுக்கும் மகாவலி ஆற்றின் வளைவுக்கும் இடையே நகரம் அமைந்திருக்கிறது. தாழ்ந்த சமநிலம் நெல்லுக்குப் போனது; மனிதர்கள் மேட்டில் குடியேறினார்கள். மேட்டுப்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைப் பள்ளப்பக்கத்தில் நிரப்பினால்தான் வீட்டுக்குத் தளம் கிடைக்கும். காணி சொந்தமானாலும், அதில் எதைக் கட்டலாம், எங்கே வெட்டலாம் என்பதை உரிமையாளர் மட்டும் தீர்மானித்த காலம் இங்கே அரிது.

கண்டி இராச்சியத்தில் காணியை அனுபவிப்பவர் அதற்கீடாக அரசனுக்கு இராஜகாரிய ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. வீட்டின் தோற்றத்திலும் அரசகட்டளை இருந்தது. 1660 முதல் 1679 வரை கண்டியில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்: சாதாரண குடிகள் மாடி கட்டக்கூடாது, ஓடு வேயக்கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது. வரிச்சு கட்டி மண் பூசிய சுவரும் வைக்கோல் கூரையும் கொண்ட அந்த வீடுகள் பாரம் குறைந்தவை. ஆழமான அத்திவாரம் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. பெரிய அளவில் மண்ணை வெட்டியது அரசன்தான். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் வயல்நிலத்தை ஏரியாக்கிய வேலை 1812இல் முடிந்தது. அதற்கு உழைத்தவர்கள் ஊழியக் கடமைப்பட்ட குடிகள்.

யாருடைய காணியில் தம்பதி குடியேறுவது என்பதைத் திருமண வகை நிர்ணயித்தது. கண்டியச் சட்டத்தில் தீக திருமணமானால் பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். பின்ன திருமணமானால் கணவன் மனைவியின் காணிக்கு வருவான். மண்ணில் கை வைப்பதற்குச் சுபநேரம் பார்ப்பது சிங்களவருக்கும் தமிழருக்கும் பொதுவான வழக்கம். கண்டிக் கைவினைகளை ஆராய்ந்து ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூல், மனை தேர்வையும் நாள் குறிப்பையும் சொல்லும் ‘மயிமதய’ என்ற சிங்களச் சிற்பநூலை எடுத்துப் பேசுகிறது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி தவிர்ந்த எட்டு மாதங்களில் மட்டுமே வாஸ்து நாள் வரும். அன்று கணவனும் மனைவியும் சேர்ந்து பூசையில் அமர்ந்தபின் மண்வெட்டி இறங்கும். சிற்பநூல்கள் மண்சோதனையும் கூறுகின்றன: ஒரு முழக் குழி வெட்டி அதே மண்ணால் நிரப்ப வேண்டும், மண் மிஞ்சினால் நல்ல மனை, குறைந்தால் ஆகாத மனை. நிலம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கருவியில்லாமல் அறியும் வழி இது.

1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமானது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியவை என்று கருத வழிசெய்தது. அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களாயின. 1867இல் தோட்டக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை நட்டார்; கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை எங்கும் பரவியது. கண்டி நகரத்துக்கு 1865இல் மாநகர சபை வந்தது. 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுச் சட்டம் வரைபடத்துக்கு முன் அனுமதி பெறுவதைக் கட்டாயமாக்கியது.

தோட்டங்களில் நிலைமை வேறு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் 10 அடிக்கு 12 அடி அளவிலான லயன் காம்பரா எனப்படும் வரிசை அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்தன. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். முற்றத்தில் ஒரு சுவர் எழுப்பவும் தோட்டத் துரையின் சம்மதம் வேண்டும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையையும் மறுத்தது. 1972, 1975 நிலச்சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் காம்பரா அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. அண்மைக் காலத்தில்தான் தனிவீட்டுத் திட்டங்கள் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 177 சதுர மீற்றர், காணி ஒதுக்கின. மலையகத்துக்கு இந்தியா முதலில் 4,000 வீடுகளுக்கு உதவியது. 2017இல் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தது.

இன்று மலையில் வீடு கட்டுவோரை அதிகம் கட்டுப்படுத்துவது மண்சரிவு அபாயம். நேராக வெட்டிய மேட்டில் மழைநீர் இறங்கினால் மண் கனத்துப் பிடிப்பை இழக்கும். பள்ளப்பக்கத்தில் சரியாக இறுக்காத நிரப்பு மண்ணும் வழுக்கும். 1984இல் தொடங்கிய தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலய வரைபடங்களைத் தயாரித்தது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் ஒன்றான கண்டியில், அபாயப் பகுதிகளில் கட்டிட அனுமதிக்கு அதன் பரிந்துரை தேவை. மண்ணைப் படிப்படியாக வெட்டுவது, தாங்குசுவர் எழுப்புவது, மழைநீர் வடிகால் அமைப்பது, மழையற்ற காலத்தில் வேலையை முடிப்பது ஆகியவை அடிப்படை விதிகள். தோண்டும்போது பழம்பொருள் கிடைத்தால் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கிடும். மண்ணுக்கடியில் உரிமையாளரின்றிக் கிடக்கும் தொல்பொருள் அரசுக்குரியது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. அதன்பின் காணி உறுதியும் வரைபட அனுமதியும் கைவசம் இருப்பவர்களுக்கும், அந்தச் சரிவில் வீடு நிற்குமா என்பதே முதலில் விடை காணவேண்டிய கேள்வியாகியிருக்கிறது.