விரற்கடையும் விசைப்பலகையும்

விரற்கடை, சாண், முழம் என உடலுறுப்புகளையே அளவுகோலாகக் கொண்டது தமிழர் நீட்டலளவை. பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். சாணை ஒன்பது அங்குலமாகக் கொள்ளும் வழக்கின்படி, விரற்கடை என்பது முக்கால் அங்குலம். கணிப்பொறியின் முழுநிலை விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவரை உள்ள தொலைவும் அதே முக்கால் அங்குலமே, அதாவது 19.05 மில்லிமீட்டர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்படவில்லை. இரண்டுக்கும் அளவு தந்தது மனித விரல். விசைகளின் எண்ணிக்கை காலந்தோறும் மாறியிருக்கிறது. விரலுக்குரிய இடம் பெரிதும் மாறவில்லை. ஆகவே விசைப்பலகையின் வரலாறு என்பது, எழுத்தின் எண்ணிக்கைக்கும் விரலின் அளவுக்கும் இடையே நிகழ்ந்த உடன்பாடுகளின் வரலாறே எனலாம்.

அமெரிக்கரான கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் உருவாக்கிய தட்டச்சுப்பொறி 1874-இல் ரெமிங்டன் நிறுவனத்தின் வழியே விற்பனைக்கு வந்தது. அதில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. சிறிய எழுத்துகளையும் சேர்க்க வேண்டிய நிலையில் இரு வழிகள் தோன்றின. 1878-இல் வந்த ரெமிங்டனின் இரண்டாம் பொறி, ஒரே விசை இரண்டு எழுத்துகளைத் தருமாறு மாற்றுவிசையைக் கொணர்ந்தது. 1880-களில் காலிகிராஃப் என்னும் பொறியோ பெரிய எழுத்துக்கு ஒரு விசை, சிறிய எழுத்துக்கு ஒரு விசை எனப் பலகையையே பெரிதாக்கியது. காலப்போக்கில் மாற்றுவிசையே நிலைபெற்றது. பலகையை விரிப்பதினும் விசைக்குள் அடுக்குவதே மேல் என்பது அப்போதே உறுதியாயிற்று.

ஆயிரக்கணக்கில் எழுத்துகளையுடைய சீன மொழிக்கு இத்தீர்வு போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குப் பரவிய தட்டச்சுப்பொறிகளில் விசைப்பலகையே இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அச்செழுத்துகள் ஒரு தட்டில் பரப்பப்பட்டிருக்க, வேண்டியதைத் தேடி எடுக்க வேண்டும். எழுத்தாளர் லின் யூடாங் 1947-இல் அறிமுகப்படுத்திய ‘மிங்குவாய்’ பொறி, எழுத்துகளை அவற்றின் வடிவக் கூறுகளால் வகைப்படுத்தி 72 விசைகளுக்குள் கொண்டுவந்தது. அதற்காக அவர் பெருஞ்செல்வம் செலவிட்டுக் கடனாளியானார். பொறியோ வணிக அளவில் உருவாகவேயில்லை.

தமிழின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. 247 எழுத்துகளை நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து மலேயாவுக்குச் சென்ற முத்தையா இம்முயற்சியில் வெற்றி கண்டார். கால், கொம்பு முதலிய குறிகளைத் தனி விசைகளாக்கினார். புள்ளிக்கும் இகர ஈகாரக் குறிகளுக்கும், அழுத்தினால் தாள் நகராத ‘நகரா விசைகளை’ அமைத்தார். தமிழ் அலுவலகங்களுக்குள் பொறி புக வழி பிறந்தது அவ்வுழைப்பால்தான்.

ஆயினும் அவ்வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. ‘க்’ என்று எழுதுவதற்கு முதலில் புள்ளியை அழுத்திப் பின்னர்க் ககரத்தை அழுத்த வேண்டும். ‘கொ’ என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்னும் வரிசை. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் முறை, விரலில் தலைகீழாயிற்று. கை வடிவத்தைப் பின்பற்றியது; ஒலியைப் பின்பற்றவில்லை. வடிவங்களைக் குறைத்தால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்ற கருத்தும் வலுப்பெற்றது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தின் பெரும்பகுதியைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றபோது, ணகர, றகர, னகர, லகர, ளகர வரிசைகளில் 13 உயிர்மெய்கள் தம் பழைய வடிவை இழந்தன.

கணிப்பொறி வந்தபின் பலகை மீண்டும் பெருக்கத் தொடங்கியது. 1981-இல் ஐ.பி.எம். தனிக்கணிப்பொறியில் 83 விசைகள்; 1980-களின் நடுவில் 101; விண்டோஸ் விசைகள் சேர்ந்தபின் 104. இம்முழுப்பலகையின் அகலம் ஏறக்குறைய ஒரு முழம். அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் டாம் நைட் வடிவமைத்த ‘விண்வெளி வீரர் பலகை’ 100 விசைகளோடு, ஒரே விசைக்குப் பல பொருள் தரும் ஏழு மாற்றுவிசைகளையும் தாங்கியிருந்தது. பார்வை குன்றியோருக்கும் சிறுவருக்குமான பலகைகளில் ஒவ்வொரு விசையும் ஓரங்குல அளவுக்கு வளர்ந்தது.

சுருக்கமும் உடன் நிகழ்ந்தது. ஜப்பானியப் பேராசிரியர் எயிட்டி வாடாவின் கருத்திலிருந்து 1996-இல் பிறந்த சிறுபலகையில் 60 விசைகளே இருந்தன. அகலம் ஒன்றேகால் சாண். ஆனால் விசைகளின் இடைவெளி அதே விரற்கடை. குறைக்கப்பட்டது விசையின் அளவன்று, எண்ணிக்கை. 1995-இல் வந்த ஐ.பி.எம். மடிக்கணிப்பொறி ஒன்றின் பலகை, மூடியைத் திறக்கும்போது வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் விரிந்து, பெட்டியின் அகலத்தையும் கடந்து நின்றது. பெட்டி சிறுத்தாலும் விரல் சிறுக்கவில்லை என்பதற்கு அது சான்று.

தமிழுக்குரிய தீர்வு இலக்கணத்திலேயே இருந்தது. எழுத்து முப்பது என்று தொல்காப்பியர் வகுத்தார். ஆய்தத்தைச் சார்ந்து வருவனவற்றுள் வைத்தார். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆக 31. சென்னையில் 1999-இல் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் வழியே உருவாகி அரசின் ஏற்பைப் பெற்ற ‘தமிழ் 99’ பலகை இந்த 31 விசைகளின்மேல் அமைந்தது. இடக்கையில் உயிர்கள், வலப்புறத்தில் பெரும்பாலான மெய்கள். நடுவரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள்; அவற்றின் நேர்மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்னும் நெடில்கள். ககரத்தை அழுத்தி ஒகரத்தை அழுத்தினால் ‘கொ’. தட்டச்சுப்பொறியில் தலைகீழாகிய ஒலிமுறை மீண்டும் நேராயிற்று. இந்த 31 விசைகளும் அறுபது விசைச் சிறுபலகையிலும் முழுமையாக அடங்குகின்றன. பலகையின் பிற விசைகளை எத்துணைக் குறைத்தாலும் தமிழுக்கு இழப்பில்லை.

இன்று பலர் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தே தமிழைத் தட்டுகின்றனர். ‘அம்மா’ என்பதற்கு நான்கு ஆங்கில எழுத்துகள் போதும் என்னும் எளிமை அதற்குக் காரணம். அவ்வெளிமையில் நழுவுவது விசையன்று. உயிர், மெய் என்னும் பகுப்பை விரல் அறிந்திருத்தல். அசையையும் சீரையும் எழுத்தெண்ணிக் கட்டும் புலவர்க்கு அவ்வறிவு அயலானதன்று. விசைப்பலகையின் அளவை விரல் வகுத்தது. அதில் தமிழ் அடங்கும் இடத்தை இலக்கணம் வகுத்து வைத்தது. அவ்விடத்தில் விரல் வைப்போர் இருக்கும்வரை, பலகை ஒன்றேகால் சாணானாலும் ஒரு முழமானாலும், முப்பத்தொன்றும் முழுமையாகவே இருக்கும்.