சிங்கப்பூர் - நியூயார்க்: மதியம் கிளம்பி அன்றைக்கே போய்ச் சேர முடியுமா?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானத்தில் 18 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் திங்கள் மதியம் கிளம்பினால் திங்கள் மாலையே இறங்கிவிடலாம். திரும்பும்போது வெள்ளி இரவு ஏறினால், ஞாயிறு விடியற்காலைதான் சாங்கி!

எப்படி? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு தூரம்?

சுமார் 15,300 கிலோமீட்டர். சென்னைக்குப் போகும் தூரத்தைவிட 5 மடங்குக்கும் அதிகம்.

இது ஆகக் குறுகிய பாதையின் நீளம். உலக உருண்டையில் இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது வடதுருவத்தை ஒட்டிப் போகும்.

அப்படியானால் விமானம் அந்த வழியில்தான் போகுமா?

பெரும்பாலும் இல்லை. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி 'ஜெட் ஸ்ட்ரீம்' எனும் வேகமான காற்று வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளினால் நேரமும் எரிபொருளும் மிச்சம். அதனால் ஜப்பான் பக்கமாகப் பசிபிக் பெருங்கடலைக் கடப்பது வழக்கம்.

திரும்பும்போதும் பல நாள்களில் அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறது. அதாவது, போய்ட்டு வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிட்டீங்க!

எத்தனை மணி நேரம்?

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 15,300 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி நேரம். பாதை நீள்வது, ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் 18 முதல் 19 மணி நேரம்.

தேதி ஏன் குழப்புகிறது?

நியூயார்க் நேரம் நம்மைவிடக் கோடைக்காலத்தில் 12 மணி நேரமும், குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கும்.

கோடைக்காலத்தில் பயணம் 18.5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்:

* போகும்போது: திங்கள் நண்பகல் 12 மணிக்குப் புறப்பாடு. இறங்கும்போது இங்கே செவ்வாய் காலை 6.30. அங்கே திங்கள் மாலை 6.30.

* வரும்போது: வெள்ளி இரவு 10 மணிக்குப் புறப்பாடு. இங்கே அப்போதே சனி காலை 10 மணி. வந்து சேர்வது ஞாயிறு காலை 4.30.

எல்லா விமானங்களும் இவ்வளவு தூரம் பறக்குமா?

பறக்காது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்துடன் இந்தச் சேவையைத் தொடங்கியது, 2013இல் நிறுத்தியது. எரிபொருளைக் குறைவாகச் செலவழிக்கும், இரண்டு இயந்திரங்கள் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் வந்தபின் 2018இல் மீண்டும் தொடங்கியது. அதில் 165,000 லிட்டர் எரிபொருள் நிரப்பலாம். இருக்கைகள் 161 மட்டுமே. சாதாரண எக்கானமி வகுப்பு கிடையாது.

பட்ஜெட்டில் போகும் மாணவர்கள் வழியில் ஓரிடத்தில் நின்று செல்லும் விமானத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குக் கிட்டத்தட்ட ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

டிக்கெட் வாங்குமுன் கவனிக்க:

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பயண நேரத்தைத் தெரிந்துகொள்ள அவற்றை அப்படியே கழிக்காதீர்கள். ஹோட்டல் அறை, பல்கலைக்கழகப் பதிவு, வேலைக்குத் திரும்பும் நாள் எல்லாவற்றையும் போய்ச் சேரும் ஊரின் தேதியை வைத்து முடிவு செய்யுங்கள். சாங்கியில் காத்திருக்கப்போகும் அம்மாவிடமும் "வெள்ளிக்கிழமை கிளம்புறேன்" என்று மட்டும் சொல்லாமல், "ஞாயிறு காலையில வந்துடுவேன்" என்றும் சொல்லிவிடுங்கள்.