சங்கமன்கண்டிக் கடலில் எரிந்த கப்பலும் வெடிக்காத எண்ணெயும்



2020 செப்டம்பர் 3ஆம் திகதியை நமது கரையோரம் இலகுவில் மறக்காது. குவைத்தின் மினா அல் அஹ்மதியிலிருந்து இந்தியாவின் பரதீப் துறைமுகத்துக்குச் சென்றுகொண்டிருந்த நியூ டயமண்ட் கப்பல், சங்கமன்கண்டி முனையிலிருந்து 38 கடல்மைல் தொலைவில் தீப்பற்றியது. உள்ளே சுமார் 2 இலட்சத்து 70 ஆயிரம் தொன் மசகு எண்ணெய். இயந்திர அறையில் கொதிகலன் வெடித்ததாக அறிவிக்கப்பட்டது. 23 மாலுமிகளில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார்.

அவ்வளவு எண்ணெயும் கடலில் கொட்டியிருந்தால் மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை மீனை நம்பி வாழும் குடும்பங்களின் கதி என்ன? இலங்கைக் கடற்படை, விமானப்படை, இந்தியக் கரையோரக் காவல்படை எல்லாம் சேர்ந்து போராடி, 9ஆம் திகதி தீயை முழுமையாக அணைத்தன. கப்பலின் எரிபொருள் ஓரளவு கடலில் படர்ந்தது. சரக்குத் தாங்கிகள் தப்பின. அல்ஹம்துலில்லாஹ்.

எண்ணெய்க் கப்பல்கள் எப்போதும் இப்படித் தப்பியதில்லை. 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மக்ட்ரா, கொங் ஹாகோன் 7 என்ற மூன்று இராட்சதக் கப்பல்கள் ஆபிரிக்கக் கடலில் ஒரே மாதத்துக்குள் வெடித்தன. மூன்றிலும் அப்போது வெறுந்தாங்கிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பீறிட்ட நீரில் உருவான நிலைமின்னே தீப்பொறியைத் தந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

வெடிப்புக்கு மூன்று வேண்டும்: எரியும் வாயு, ஒட்சிசன், தீப்பொறி. எண்ணெய் இருக்கும் இடத்தில் வாயு இருக்கும். ஆகவே ஒட்சிசனைக் குறைத்தார்கள். கொதிகலன் புகையைக் கழுவி, குளிர்வித்து, தாங்கிக்குள் நிரப்பினால் ஒட்சிசன் 8 வீதத்துக்கு மேல் போகாது. 1974, 1978 சர்வதேச ஒப்பந்தங்கள் பெரிய கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கின.

கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளில் கதை வேறு. அங்கே 6,600, 11,000 வோல்ட்டில் ஓடும் பெரிய மோட்டார்கள் உண்டு. ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அவற்றின் உள்ளே தீப்பொறி பறக்கலாம். மனிதர் நடமாடும் மேடையில் ஒட்சிசனை எடுக்க முடியாது. அதனால் வாயுவைத் தீப்பொறியிடம் நெருங்க விடுவதில்லை. ஓட்டுவதற்கு முன் மோட்டாருக்குள் சுத்தமான காற்றைச் செலுத்தி, புகுந்திருக்கும் வாயுவை வெளியேற்றுவார்கள். பிறகு உள்ளழுத்தத்தைக் கூட்டியே வைத்திருப்பார்கள். சிறிய மோட்டார்களுக்குத் தடித்த இரும்புக் கூடு. உள்ளே வெடித்தாலும், மூடியின் ஒடுங்கிய இடுக்கால் வரும் சுவாலை குளிர்ந்து அணைந்துவிடும். ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்க விபத்துகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கற்றுக்கொடுத்த பாடம் அது.

நமது கடலால் எண்ணெய்க் கப்பல்கள் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. நாளை அங்கும் மேடை எழலாம். நமது பிள்ளைகள் பலர் வளைகுடா எண்ணெய்த் தளங்களில் மின்வேலை பார்க்கிறார்கள். தம்பிமாரே, அந்த இரும்புக் கூட்டின் மூடியில் ஒரு போல்ட் குறைந்தாலும் இடுக்கு அகலும். அகன்றால் சுவாலை குளிராது. எவ்வளவு அவசரமென்றாலும் எல்லா போல்ட்டையும் இறுக்கிவிட்டே எழும்புங்கள்.