மோட்டார் ஹோம் எடையிடல்

படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளடங்கிய சுற்றுலா வண்டியை, பயணத்துக்குக் கிளம்பும் நிலையிலேயே எடைமேடையில் ஏற்றி, அதன் மொத்த எடையையும் ஒவ்வொரு அச்சும் ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் சுமையையும் தனித்தனியே கண்டறிவது மோட்டார் ஹோம் எடையிடல் எனப்படும். இவ்வகை வண்டிகள் மிகுந்துள்ள அமெரிக்கா, கனடா, ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் இது பாதுகாப்புப் பராமரிப்பின் ஒரு பகுதி. மொத்த எடை வரம்புக்குள் இருப்பதால் மட்டும் வண்டி பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. டயர் வெடிப்பது ஒரு மூலையில்தான். அந்த மூலையில் எவ்வளவு சுமை இருக்கிறது என்பதை மொத்த எடை சொல்லாது.

லாரியில் சரக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் எடை பார்ப்பது தொழிலின் அங்கம். மோட்டார் ஹோமுக்கு அந்த வழக்கம் இல்லை. சேஸிஸை ஒரு நிறுவனம் செய்கிறது. அதன்மேல் வீட்டை இன்னொரு நிறுவனம் கட்டுகிறது. வாங்கியவர் அதில் பாத்திரம், புத்தகம், கருவிப்பெட்டி, மடக்கு நாற்காலி, கூடுதல் பேட்டரி என்று ஆண்டுக்கணக்கில் நிரப்புகிறார். வீடு என்பது இடவலம் சமமாக அமைவதும் அரிது. குளிர்பதனப் பெட்டியும் அடுப்பும் ஒரு பக்கம் இருக்கும். மின்னாக்கி இன்னொரு பக்கம். நிறுத்திய இடத்தில் வெளியே நீளும் ‘ஸ்லைடு-அவுட்’ அறை ஒரு பக்கம் மட்டுமே இருந்தால், அதன் இயந்திரமும் தரையும் சுவரும் அந்தப் பக்கச் சக்கரங்களைத்தான் அழுத்தும். இந்த ஏற்றத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாது. சஸ்பென்ஷனில் காற்றுப் பைகள் பொருத்திய வண்டி, சுமை கூடிய பக்கத்தையும் மட்டமாகவே தூக்கிக் காட்டும்.

வரம்புகள்

அமெரிக்காவில் விற்கும் வண்டியின் சான்றுச்சீட்டில் இரண்டு அளவுகள் முதன்மையானவை. ஜி.வி.டபிள்யூ.ஆர். எனச் சுருக்கி எழுதப்படுவது வண்டியின் மொத்த எடை வரம்பு. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வோர் அச்சுக்குமான வரம்பு. அச்சு, ஸ்பிரிங், சக்கர வட்டு, டயர் ஆகியவற்றுள் எது மிக வலுக்குறைந்ததோ அதை வைத்தே அச்சின் வரம்பு அமைகிறது. எனவே தடித்த டயர் மாற்றினால் வரம்பு கூடிவிடும் என்று எண்ணுவது தவறு. பின்னால் கார் இழுத்துச் செல்வோருக்கு மூன்றாவதாக ஜி.சி.டபிள்யூ.ஆர். என்னும் கூட்டு எடை வரம்பும் உண்டு. எஞ்சின், கியர்பெட்டி, பிரேக் ஆகியவை எவ்வளவு எடையைச் சமாளிக்கும் என்பது அதற்கு அடிப்படை.

அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2007 இறுதியில் தன் 120ஆம் எண் தரவிதியைத் திருத்தியது. பயணிகளும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு எடை ஏறலாம் என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒட்டுச்சீட்டு அதன்பின் மோட்டார் ஹோம்களில் இடம்பெற்றது. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் எவ்வளவு எடை சேரும் என்பதும், இழுத்துச் செல்லும் வண்டி கொக்கியில் தரும் அழுத்தமும் சரக்குக் கணக்கில் சேரும் என்பதும் அச்சீட்டில் சொல்லப்பட வேண்டும். பயனுள்ள சீட்டுதான். ஆனால் அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் கணக்கு. நேற்று மாட்டிய சைக்கிள் தாங்கி அதில் இல்லை.

தண்ணீரின் பங்கைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அமெரிக்கக் காலன் ஏறக்குறைய 8.3 பவுண்டு. நூறு காலன் தொட்டி நிரம்பினால் 380 கிலோவை ஒட்டி எடை கூடும். ஐந்து ஆட்கள் ஏறியதற்கு அது சமம்.

எடையிடும் இடங்கள்

அமெரிக்க நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் நிறுவனத்தின் எடைமேடைகள் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றன. 1977இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் தலைமையகம் அயோவா மாநிலத்தின் வால்காட்டில் உள்ளது. இதன் மேடை ஒரே பலகை அல்ல; நீளவாக்கில் மூன்று பகுதிகள். முன் அச்சு முதல் பகுதியிலும் பின் அச்சு இரண்டாவதிலும் இழுத்துவரும் கார் மூன்றாவதிலும் நிற்குமாறு நிறுத்தினால், ஒரே தடவையில் மூன்று எடைகளும் கூட்டுத்தொகையும் சீட்டில் வந்துவிடும். பொருள்களை இடம் மாற்றிவிட்டு உடனே மீண்டும் எடைபோட்டால் கட்டணம் குறைவு. சரிசெய்து பார்க்க விரும்புவோருக்கு இது நல்ல வசதி.

இந்த மேடைகள் தராத ஒன்று, இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்ற விவரம். வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடைமீது நிறுத்தி, மறுபக்கத்தைத் தரையில் விட்டு எடை பார்க்கலாம். ஆனால் பல லாரி மேடைகளின் ஓரத்தில் தடுப்புக் கட்டைகள் இருப்பதால் அது முடியாது. தானியக் கிடங்கு, கல் குவாரி, பழைய இரும்புக் கடை போன்ற இடங்களின் மேடைகளில் சில ஓரம் திறந்தவை. உரிமையாளரிடம் கேட்டு அனுமதி பெற வேண்டும்.

இதனினும் நம்பகமானது சக்கரத்துக்கு ஒன்றாக வைக்கும் தட்டைத் தராசு. ஆர்.வி. (சுற்றுலா வண்டி) பாதுகாப்பு மற்றும் கல்வி அறக்கட்டளை நீண்ட காலமாக மோட்டார் ஹோம் உரிமையாளர்களின் கூடுகைகளில் இத்தகைய தராசுகளைக் கொண்டு எடையிட்டு வந்துள்ளது. டெக்சஸ் மாநில லிவிங்ஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்கேப்பீஸ் சங்கம் ‘ஸ்மார்ட்வே’ என்ற பெயரில் இதே சேவையைத் தருகிறது. எல்லாச் சக்கரங்களும் ஒரே உயரத்தில் நிற்க, எடைகள் ஒரே நேரத்தில் வாசிக்கப்படுவதால் பிழை குறைவு. கட்டணம் கூடுதல்தான்; ஆனால் ஒரு டயரின் விலையோடு ஒப்பிட்டால் அது பொருட்டல்ல.

செய்முறை

எடையிடும் நாளில் வண்டி நெடும்பயணத்துக்குப் போகிற நிலையில் இருக்க வேண்டும். எரிபொருளும் நன்னீரும் எரிவாயுவும் நிரம்பியிருக்க, பயணம் செய்வோர் அனைவரும் தத்தம் இருக்கையில் அமர்ந்திருக்க, உடைகளும் உணவும் செல்லப் பிராணியும் உள்ளே இருக்க வேண்டும். காலி வண்டியை எடைபோட்டுப் பின் மனக்கணக்கில் கூட்டுவது நம்பத்தக்கதல்ல. ஸ்லைடு-அவுட் அறைகள் உள்ளே இழுக்கப்பட்டிருக்க வேண்டும். மட்டம் பார்க்கும் ஜாக்குகள் தரையைத் தொடக் கூடாது.

பிரிவுகளில்லாத ஒற்றை மேடையானால் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றி எடை எடுக்க வேண்டும். பிறகு முழு வண்டி. கடைசியாகப் பின் அச்சு மட்டும். முன்னும் பின்னும் கூட்டினால் முழு எடைக்கு அருகில் வர வேண்டும். கணிசமாக விலகினால் மேடைக்கு வெளியே உள்ள தரை மட்டமாக இல்லை என்று பொருள். சரிவில் நிற்கும் வண்டியின் எடை தாழ்ந்த பக்கத்துக்குச் சாய்ந்துவிடும். பக்கவாட்டு எடையில் இந்தத் தவறு இன்னும் பெரிது: மோட்டார் ஹோம் உயரமானது, அதன் எடையில் நிறைய மேலே இருக்கிறது, ஒரு பக்கம் சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலே கணக்கு மாறும். வண்டி நின்றபின் பிரேக்கைத் தளர்த்தி, ஆடாமல் நிலைகொள்ள விட்டு எடை வாசிப்பது நல்லது. பின்னால் இரண்டு அச்சுகள் உள்ள நீண்ட வண்டிகளில் அவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். அவை சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் சஸ்பென்ஷன் அமைப்பைப் பொறுத்து மாறும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஃபோர்டு ஈ-450 சேஸிஸ்மீது கட்டப்பட்ட நடுத்தர மோட்டார் ஹோம் அமெரிக்கச் சாலைகளில் மிகச் சாதாரணக் காட்சி. இதன் மொத்த வரம்பு 14,500 பவுண்டு, அதாவது 6,577 கிலோ. முன் அச்சுக்கு 2,268 கிலோ, பின் அச்சுக்கு 4,354 கிலோ. முன்னால் பக்கத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம். எல்.டி. 225/75ஆர்16, ‘ஈ’ சுமைத்தர டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் தனியாக 1,215 கிலோவும் இரட்டையில் ஒவ்வொன்றும் 1,120 கிலோவும் தாங்கும். இரட்டையில் தாங்குதிறன் குறைத்துக் கணக்கிடப்படுவதற்குக் காரணம், சாலையின் வளைவினாலும் காற்றழுத்த வேறுபாட்டினாலும் இரு டயர்களும் சுமையைச் சரிபாதியாகப் பகிர்வதில்லை.

கணக்கு விளங்குவதற்காக, இத்தகைய வண்டி ஒன்று எடைமேடையில் முன்னால் 1,950 கிலோவும் பின்னால் 4,260 கிலோவும் காட்டியதாகக் கொள்வோம். மொத்தம் 6,210, வரம்புக்கு 367 கிலோ குறைவு. இரு அச்சுகளும் தத்தம் வரம்புக்குள். சீட்டைப் பார்ப்பவர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். அதே வண்டியைச் சக்கரவாரியாக எடைபோட்டபோது பின் இடப்பக்கம் 1,950, பின் வலப்பக்கம் 2,310 என்று வருகிறது. வலப்பக்க டயர் இரண்டும் சேர்ந்து தாங்கக்கூடியது 2,240 கிலோதான். எழுபது கிலோ அதிகம்; அதுவும் காற்று முழு அளவில் இருந்தால் மட்டும். கோடை வெயிலில் நெடுஞ்சாலை வேகத்தில் பல மணி நேரம் ஓடும்போது, மிகைச்சுமையால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மேல் மடங்கி விரிகிறது. அந்த நெளிவு வெப்பமாகிறது. வெப்பம் ரப்பருக்கும் எஃகு இழைக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்துகிறது. இந்தச் சேதம் மீளாது. சுமையைப் பின்னர் குறைத்தாலும் டயர் பழைய வலிமைக்குத் திரும்புவதில்லை.

சுமையை மாற்றியமைத்தல்

பின் அச்சுக்கும் பின்னால் ஏற்றும் பொருள் தன் எடையை விட அதிகமாகப் பின் அச்சை அழுத்தும்; சீசாப் பலகையில் ஒரு முனை தாழ மறுமுனை எழுவதுபோல் முன் அச்சை இலகுவாக்கும். அச்சுகளுக்கு இடையே 4.035 மீட்டர் தூரமுள்ள ஃபியட் டுகாட்டோ வண்டியில், பின் அச்சிலிருந்து 1.6 மீட்டர் தள்ளி 100 கிலோ ஸ்கூட்டர் ஒன்றை ஏற்றினால் பின் அச்சில் ஏறக்குறைய 140 கிலோ கூடும், முன் அச்சில் 40 கிலோ குறையும். டுகாட்டோ முன்சக்கர இயக்க வண்டி என்பதால் ஸ்டியரிங்கோடு இழுவையும் பிரேக் பிடிப்பும் பாதிக்கப்படும். ஆகவே கனமான பொருள்களை இரு அச்சுகளுக்கும் இடையில், தரைக்கு அருகில் வைப்பதே முறை. பக்கவாட்டில் சமன் செய்யக் கருவிப்பெட்டியையும் டின் உணவையும் எதிர்ப்பக்க அறைகளுக்கு மாற்றுவது முதல் வழி. கட்டுமானத்திலேயே உள்ள ஏற்றத்தாழ்வை அதனால் முழுதும் போக்க முடியாது. அப்போது மொத்தச் சுமையைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை. காற்றுப் பையோ கூடுதல் ஸ்பிரிங்கோ வண்டியை நிமிர்த்தும். டயரின் மேலுள்ள எடையைக் குறைக்காது.

சுமை தெரிந்தபின் காற்றழுத்தத்தை டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்க்க வேண்டும். ஓர் அச்சின் இரு பக்கங்களுள் எது கனமோ அந்தச் சுமைக்குரிய அழுத்தத்தையே அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் வைப்பது விதி. இலகுவான பக்கத்துக்குக் குறைத்து வைக்கக் கூடாது. அளவு பார்ப்பது வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடிச் சூடான டயரிலிருந்து காற்றை இறக்குவது ஆபத்தான பழக்கம்.

ஐரோப்பாவில்

ஐரோப்பாவில் எடை என்பது உரிமத்தோடு பிணைந்த பிரச்சினை. சாதாரணக் கார் உரிமமான ‘பி’ பிரிவு நெடுங்காலமாக 3,500 கிலோ வரை மட்டுமே அனுமதித்து வந்ததால், பெரும்பாலான மோட்டார் ஹோம்கள் அந்த எல்லைக்குள் அடங்குமாறு கட்டப்பட்டன. பிரிட்டனில் 1997 ஜனவரி 1க்கு முன் கார் தேர்வில் வென்றவர்கள் பொதுவாக 7.5 டன் வரை ஓட்டும் உரிமை பெற்றிருந்தார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அது இல்லை. ஆஸ்திரியாவில் 3.5 டன்னைத் தாண்டிய வண்டிக்கு நெடுஞ்சாலைக் கட்டண முறையே வேறு.

ஐரோப்பிய விற்பனை ஏட்டில் காட்டும் ‘ஓடும் நிலை எடை’ 75 கிலோ ஓட்டுநரையும் 90 விழுக்காடு எரிபொருளையும் கணக்கில் கொண்டது. அதில் ஐந்து விழுக்காடு ஏறவோ இறங்கவோ விலக்கு உண்டு. 2,900 கிலோ என்று எழுதிய வண்டி உண்மையில் 3,045 கிலோ இருந்தாலும் விதிமீறல் ஆகாது. 3,500 கிலோ வரம்பை வைத்து வாங்குபவர் நம்பியிருந்த 600 கிலோ இடம் அங்கேயே 455 ஆகிவிடுகிறது. அதிலிருந்துதான் உடன் வருவோர், வெயில் மறைப்பு, சூரிய மின்தகடு, சைக்கிள் எல்லாம் கழிய வேண்டும். புதிய வண்டியைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே எதுவும் ஏற்றாமல் ஒரு முறையும், முதல் விடுமுறைக்கு நிரப்பியபின் மறுமுறையும் எடைபோடுவது வாங்கியவருக்கு மிகுந்த பயன் தரும். பிரிட்டனில் உள்ளூராட்சிகள் பொது எடைமேடைகளின் விவரங்களை வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் வாகனச் சோதனை நிலையங்கள் பலவற்றில் எடை பார்த்துக்கொள்ளலாம்.