என்ஜின் அதிவெப்பம்

குளிர்விப்பு அமைப்பு வெளியேற்றக்கூடியதைவிட என்ஜினில் அதிக வெப்பம் சேரும் நிலை. பேராதனை–பதுளை–செங்கலடி வீதியில் (ஏ5) பிபிலையிலிருந்து லுணுகலை, பசறை நோக்கி ஏறும் பாரலொறிகளுக்கு இது எளிதில் நேரும்: தாழ்ந்த கியரில் என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, ரேடியேட்டருக்குக் காற்று போதுவதில்லை. உயரம் 300 மீட்டர் கூடினால் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் குறையும். அமைப்பில் அழுத்தத்தைக் காத்துக் கொதிநிலையை உயர்த்துவது ரேடியேட்டர் மூடி. மலிவான பாகம், அதன் ரப்பர் வளையத்தையே முதலில் பார்ப்பது நல்லது.

ஊர்ந்து செல்கையில் மட்டும் சூடேறினால் விசிறியையோ பெல்ட்டையோ, வேகத்திலும் சூடேறினால் அடைபட்ட ரேடியேட்டரையோ தண்ணீர்ப் பம்பையோ ஐயுறலாம். மானி சூடு காட்டியும் கீழ்க்குழாய் குளிர்ந்திருந்தால் சுழற்சி தடைப்பட்டுள்ளது. பொதுவாக 82–90 பாகையில் திறக்கும் தேர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம். ஒயில் அளவுகோலில் பால்தேநீர் நிறப் படலமும் ஓயாத வெண்புகையும் ஹெட் கேஸ்கட் சிதைவின் அறிகுறிகள், அதற்குமேல் ஓட்டக்கூடாது.

சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் நீராவி பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். நன்றாக ஆறுமுன் வீதியோர ஓடைநீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கக்கூடும்.