மூளைக்காயமும் அதன் சிகிச்சையும்: ஹியூ கெயர்ன்ஸின் காலம்

1935 ஆம் ஆண்டு மே மாதம் 13 ஆம் நாள், இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில், சைக்கிளிற் சென்ற சிறுவர் இருவர் மீது மோதாதிருக்கும் பொருட்டுத் தமது மோட்டார் சைக்கிளைத் திருப்பிய ஒருவர் தூக்கி வீசப்பட்டார். அரேபியப் பாலைவனப் போரினாற் புகழ்பெற்ற ரீ. ஈ. லோறன்ஸே அவர். ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து, தமது 46 ஆவது வயதில் அவர் இறந்தார். அவரைப் பார்வையிட அழைக்கப்பட்ட நிபுணர்களுள் ஹியூ கெயர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியரும் ஒருவர். நொறுங்கிய மண்டையோட்டின் உள்ளே சிதைந்துபோன மூளைக்கு அவராற் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

இந்த ஒரு மரணமே பின்னாளில் தலைக்கவசத்தைத் தோற்றுவித்தது என்று கூறுவோர் உளர். கதையாகச் சொல்வதற்கு அது இனியது; ஆயினும் வரலாறு அவ்வளவு நேர்கோட்டிற் செல்லவில்லை. லோறன்ஸின் மரணத்திற்கும் கெயர்ன்ஸின் முதலாவது தலைக்கவசக் கட்டுரைக்குமிடையே ஆறு ஆண்டுகளும் ஓர் உலகப் போரும் உள்ளன. அக்கட்டுரை எழுதப்படுவதற்கு ஒரு புகழ்பெற்ற பிணம் போதவில்லை. பெயரற்ற ஆயிரக்கணக்கான பிணங்கள் வேண்டியிருந்தன.

மூளையிற் காயம்பட்டோரின் நிலை முதலாம் உலகப் போரின்போது எவ்வாறிருந்தது என்பதை அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஹார்வி குஷிங்கின் பதிவுகள் காட்டுகின்றன. 1917 இல் பெல்ஜியப் போர்முனையில் அவர் பணியாற்றத் தொடங்கிய மாதத்தில், அவரது சத்திரசிகிச்சைக்குட்பட்ட மூளைக்காய நோயாளருள் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் இறந்தனர். மூன்றாம் மாதத்தில் அத்தொகை 29 ஆகக் குறைந்தது. இறந்த இழையங்களை மெல்லிய குழாயினால் உறிஞ்சி அகற்றியமையும், உலோகத் துண்டுகளைக் காந்தத்தினால் வெளியே எடுத்தமையும், காயத்தை முழுமையாகத் துப்புரவு செய்து மூடியமையுமே இம்மாற்றத்திற்குக் காரணமாயின. காயத்தினால் உடனே இறவாதவனைப் பின்னர் கொன்றது பெரும்பாலும் கிருமித்தொற்றே. மூளையுறை அழற்சியோ மூளையிற் சீழ்க்கட்டியோ தோன்றிவிட்டால், அக்காலத்து வைத்தியனிடம் அதற்கெதிராக மருந்தெதுவும் இல்லை.

கெயர்ன்ஸ் இந்தக் குஷிங்கின் மாணவர். 1896 இல் தென் அவுஸ்திரேலியாவிற் பிறந்து, றோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போட் சென்ற அவர், 1926 – 27 இல் பொஸ்ரன் நகரில் குஷிங்கிடம் ஓராண்டு பயின்றார். 1937 இல் ஒக்ஸ்போட்டின் சத்திரசிகிச்சைப் பேராசிரியரானார். போர் மூண்டதும், அங்கு பெண்கள் கல்லூரியாக விளங்கிய சென்ற் ஹியூஸ் கல்லூரி தலைக்காயங்களுக்கான இராணுவ வைத்தியசாலையாயிற்று. கல்லூரியின் புற்றரைகளிற் கொட்டில்கள் எழுந்தன. 1940 முதல் 1945 வரை 13,000 இற்கு மேற்பட்ட நோயாளர் அங்கு சிகிச்சை பெற்றனர்.

போர்முனைக்கும் ஒக்ஸ்போட்டுக்குமிடையே நெடுந்தூரம் இருந்தது. தலையிற் காயம்பட்டவன் சத்திரசிகிச்சைக்கு முன்னர் பயணத்தைத் தாங்குவான், பின்னர் தாங்கமாட்டான் என்பது அனுபவம் தந்த பாடம். ஆகவே முற்றிலும் வசதியற்ற இடத்தில் அவசரமாக வெட்டுவதிலும், சில மணி நேரம் தாமதித்தேனும் தகுந்த கருவிகள் உள்ள இடத்தில் ஒரேமுறையிற் செய்து முடிப்பது மேலானது. இவ்வடிப்படையிலேயே கெயர்ன்ஸ் நடமாடும் மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவுகளை அமைத்தார். சத்திரசிகிச்சை வைத்தியர், நரம்பியல் வைத்தியர், மயக்கமருந்து வைத்தியர், தாதியர் ஆகியோருடன் தமக்கு வேண்டிய வெளிச்சத்தையும் கருவிகளையும் வாகனத்திலேயே கொண்டு செல்லும் பிரிவுகள் அவை. முதலாவது பிரிவு 1940 இல் ஜேர்மனியரின் கையிற் சிக்கியது. பின் வந்தவை வட ஆபிரிக்கப் பாலைவனத்திலும் இத்தாலியிலும் படையைத் தொடர்ந்து சென்றன.

தொற்றுக்கெதிரான மருந்து ஒக்ஸ்போட்டிலேயே, கெயர்ன்ஸுக்கு அண்மையிலேயே உருவாகிக்கொண்டிருந்தது. ஹவார்ட் புளோரியும் ஏர்ணஸ்ற் செயினும் அவர்தம் குழுவினரும் பெனிசிலினைப் பிரித்தெடுத்து, 1941 இல் முதன்முறையாக நோயாளரிற் சோதித்தனர். அந்நோயாளருள் நாலரை வயதுச் சிறுவன் ஒருவனின் கதை தனியே குறிக்கத்தக்கது. சின்னமுத்தினைத் தொடர்ந்து கண்ணுக்குப் பின்னால், மூளையின் அடியிலுள்ள குருதிக்குடாவிற் கிருமி பரவி, அவன் இறக்குந் தறுவாயிற் கிடந்தான். பெனிசிலின் ஏற்றப்பட்டதும் வீக்கம் வடிந்தது. சிறுவன் பேசினான், விளையாடினான். சில நாட்களில், முன்னரே நலிவுற்றிருந்த குருதிக்குழாய் ஒன்று மூளையில் வெடித்து அவன் இறந்தான். பிணப்பரிசோதனையில் தொற்று ஏறக்குறைய முற்றாக நீங்கியிருந்தமை காணப்பட்டது. மருந்து வென்றது, நோயாளி இறந்தான். அவ்வாண்டின் ஒக்ஸ்போட் ஆய்வாளருக்கு இதனினும் கொடிய வெற்றி வேறொன்றும் இருந்திருக்காது.

மூளைத்தொற்றிற்குப் பெனிசிலினைப் பயன்படுத்துவதில் மற்றுமொரு தடை இருந்தது. நாளத்தில் ஏற்றும் மருந்து மூளையைச் சூழ்ந்த நீரினுள் எளிதிற் செல்வதில்லை. 1942 இல் இலண்டனில் அலெக்சாந்தர் பிளெமிங், மூளையுறை அழற்சியால் வாடிய ஒருவருக்கு, புளோரி அனுப்பிய பெனிசிலினை முள்ளந்தண்டுக் குழாயினூடாக நேரடியாகச் செலுத்தினார், நோயாளி குணமடைந்தார். கெயர்ன்ஸும் அவர் தோழரும் இம்முறையை நியூமோக்கொக்கஸ் கிருமியால் விளையும் மூளையுறை அழற்சியிற் கையாண்டு, 1944 இல் முடிவுகளை வெளியிட்டனர். அளவு மிகின் அதே மருந்து மூளையைத் தூண்டி வலிப்பை உண்டாக்கும் என்பதும் அக்காலத்திலேயே தெரியவந்தது.

1943 இல் புளோரியும் கெயர்ன்ஸும் வட ஆபிரிக்கா சென்றனர். போர்க்காயங்களைத் திறந்தே விடவேண்டும் என்பது அப்போதைய இராணுவ வைத்தியரின் உறுதியான கொள்கை. காயத்தைத் துப்புரவு செய்து, பெனிசிலின் இட்டு, உடனே தைத்து மூடலாம் என்று இவ்விருவரும் கூறியபோது பலர் திகைத்தனர். மருந்தோ மிகச் சொற்பம். நோயாளரின் சிறுநீரிலிருந்துகூட அதனை மீட்டெடுத்த காலம் அது. எனினும் மூடிய காயங்கள் ஆறின.

கெயர்ன்ஸின் பணிகளுள் மிகுந்த உயிர்களைக் காத்தது சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே நிகழ்ந்தது என்பது நோக்கற்பாலது. போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரித்தானிய வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியோரும் பின்னிருந்து சென்றோருமாக 2,279 பேர் மாண்டனர். இருட்டடிப்பு நாட்களில் விளக்கின்றி ஓடிய இராணுவத் தூதர் அவருட் பலர். 1941 ஒக்டோபரில் கெயர்ன்ஸ் வெளியிட்ட கட்டுரையில், கவசம் அணிந்திருந்து விபத்துக்குள்ளானோர் எழுவரே இடம்பெற்றனர். அவ்வெழுவரும் உயிர் பிழைத்திருந்தனர். ஏழு என்பது சிறிய தொகையே. புள்ளிவிபரவியலாளர் அதனைக் கண்டு முகஞ்சுளிக்கலாம். ஆயின் இராணுவம் தாமதிக்கவில்லை. அடுத்த மாதமே கடமையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் படையினர் கவசம் அணிதல் கட்டாயமாயிற்று. 1946 இல் அவர் எழுதிய கட்டுரை மரணங்கள் குறைந்தமையைக் காட்டியது.

இதே காலத்தில் ஒக்ஸ்போட்டின் பௌதிகவியலாளர் ஹோல்போர்ன், மூளைக்குப் பதிலாக ஜெலற்றினைக் கொண்டு மாதிரிகள் அமைத்து அடியின் விளைவை ஆராய்ந்தார். மண்டையோடு சடுதியாகச் சுழலும்போது உள்ளிருக்கும் மென்மையான மூளை அதனுடன் ஒருசேரச் சுழலாது பின்தங்குகின்றது. அதனால் அதன் பகுதிகள் ஒன்றின்மேலொன்று வழுக்கி இழைகள் சிதைகின்றன என்று 1943 இல் அவர் விளக்கினார். எலும்பு உடையாமலே ஒருவன் நினைவிழப்பதேன் என்ற பழைய வினாவுக்கு இது விடையாயிற்று.

உயிர் பிழைத்தோரின் பிற்கால நிலை வேறொரு கதை. நரம்பியல் வைத்தியர் றிச்சி ரசல், காயத்தின் பின் நோயாளியின் நினைவில் எவ்வளவு காலம் வெறுமையாயுள்ளது என்பதை அளந்து, அவ்வெறுமை நீளுந்தோறும் மீட்சி தாமதிக்கும் எனக் காட்டினார். துளைக்கும் காயம் பெற்றோருள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குச் சில ஆண்டுகளுள் வலிப்பு நோய் வந்தமையை அவரும் விற்றியும் 1952 இல் எழுதினர். குஷிங்கின் நோயாளருட் பலர் வலிப்பு வருமளவிற்கு உயிர் வாழவில்லை. பேச்சுத் தடுமாறியவராய், ஒரு கை வழங்காதவராய், குணம் மாறியவராய் வீடு திரும்பிய இளைஞரைத் தாயரும் மனைவியருமே பல்லாண்டு தாங்கினர். சென்ற் ஹியூஸ் நோயாளர் சிலரைப் போர் முடிந்து பல ஆண்டுகளின் பின்னரும் அழைத்துப் பரிசோதித்தமையால் மட்டுமே இவ்வுண்மைகள் ஏட்டில் ஏறின.

கெயர்ன்ஸ் 1952 ஜூலையில், தமது 56 ஆவது வயதில், புற்றுநோயால் இறந்தார். பிரித்தானியப் பொதுமக்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது கவசம் அணியவேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1973 இல். இராணுவம் கட்டளையிட்டு அப்பொழுது 32 ஆண்டுகள் கழிந்திருந்தன.